பதினெட்டு அடி ஈட்டியும் ஒரு தத்துவமும்

பூலித்தேவரைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றுள் நாள், இடம், எண்ணிக்கை என்று திட்டமாகச் சொல்லத்தக்கவற்றில் பெரும்பகுதி ஒரே ஒரு மனிதரின் நூலிலிருந்து வந்தது. அம்மனிதர் பூலித்தேவரின் புலவர் அல்லர். அவரை அடக்கப் படை அனுப்பிய சென்னைக் கோட்டை ஆலோசனைச் சபையின் உறுப்பினர். ராபர்ட் ஆர்ம் என்பது அவர் பெயர். சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே, மேற்கு மலையின் அடிவாரத்தை நோக்கி விரியும் நிலத்தில் இருக்கிற நெற்கட்டும்செவலில் இன்று அரசு எழுப்பிய நினைவு மாளிகை நிற்கிறது. செப்டம்பர் முதல் நாளைப் பூலித்தேவரின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே மேடையேறுகிற பேச்சாளர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, இந்த வெள்ளைக்காரருக்குக் கடன்பட்டவர்.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது, காலனி ஆவணங்களை வைத்துத்தானே நம் வரலாற்றையே எழுதுகிறோம் என்று கேட்கலாம். ஆர்மின் விஷயத்தில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. இந்தியர்களைப் பற்றி அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. அந்தத் தத்துவத்தின்படி பூலித்தேவர் என்றொருவர் இருந்திருக்கவே முடியாது.

ஆர்ம் நம் கடற்கரையில் பிறந்தவர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில், கும்பினியின் பண்டகசாலை இருந்த ஊரில், 1728ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பிறந்தார். தந்தை அங்கே கும்பினியின் மருத்துவர். சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, ஹாரோ பள்ளியில் படித்து, 1742இல் கல்கத்தாவுக்கு வந்து கும்பினியில் எழுத்தராகச் சேர்ந்தார். 1754 முதல் நான்காண்டுகள் சென்னையில் ஆலோசனைச் சபை உறுப்பினர். 1756இல் கல்கத்தா விழுந்த செய்தி வந்தபோது கிளைவை அங்கே அனுப்ப வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1758இல் ஊர் திரும்பக் கப்பலேறினார். கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். ஒருவழியாக லண்டன் போய்ச் சேர்ந்த பின் எழுதி வெளியிட்டதுதான் 'இந்துஸ்தானத்தில் பிரிட்டிஷ் இனத்தின் இராணுவ நடவடிக்கைகளின் வரலாறு'. முதல் தொகுதி 1763, இரண்டாவது 1778. இதற்கிடையே 1769இல் கும்பினி அவரைத் தன் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராக நியமித்தது.

தத்துவம் என்று சொன்னோமே, அது முதல் தொகுதியின் முகப்பிலேயே இருக்கிறது. இந்துஸ்தானத்தின் மக்களைப் பற்றிய பொது விளக்கமாக அவர் அங்கே சொல்வதன் சாரம் இது: ஆசிய மக்கள் எல்லாரிலும் இந்தியர் மிகவும் அஞ்சியவர்கள், இரத்தத்தைக் கண்டாலே நடுங்குகிறவர்கள், அவர்களுடைய உடற்கட்டு அவ்வளவு மென்மையானது, வடபுலத்து முரட்டு மனிதன் பாய்ந்து வந்தால் எதிர்த்து நிற்க வழியே இல்லை. இதற்குப் பத்தாண்டு முன்பு அவர் எழுதி, அவர் இறந்த பின் 1805இல் அச்சேறிய இன்னொரு கட்டுரையில் இதே கருத்து இன்னும் விரிவாக வருகிறது. வெயில் இதமானது, தேவைகள் குறைவு, அரிசி அதிக உழைப்பில்லாமல் விளைந்துவிடுகிறது. ஆகவே இந்தியன் உலகிலேயே மிகவும் தளர்ந்த மனிதனாகத்தான் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய தருக்கம். கரிசல் காட்டில் ஒரு கோடையைக் கழித்திருந்தால் 'இதமான வெயில்' என்ற சொல்லை அவர் எழுதியிருப்பாரா என்பது ஐயமே. அரிசியைப் பற்றியும் அப்படித்தான். மேற்கே குளத்துப் பாசனம் உள்ள ஊர்களை விட்டு விலகிவிட்டால், கம்பும் சோளமும் தின்று வளர்ந்த சீமை இது.

இந்தச் சிந்தனை ஆர்மின் சொந்தச் சரக்கு என்று சொல்வதற்கில்லை. மாண்டெஸ்கியூவின் 'சட்டங்களின் சாரம்' 1748இல் வெளிவந்து ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது. வெப்பம் மனிதனைக் கோழையாக்கும், குளிர் வீரனாக்கும், ஆசியாவில் கொடுங்கோன்மையே இயல்பு என்ற கருத்துக்கு அந்நூல் ஒரு கௌரவத்தைக் கொடுத்தது. சீனத்தைப் பற்றியும் அவர் தீர்ப்பு வழங்கினார். அங்கே பிரம்படிதான் ஆட்சி என்றார். சீனத்தில் அவர் காலடி வைத்ததில்லை. பாதிரிகள் எழுதியதையும் வணிகர்கள் சொன்னதையும் படித்துச் சொன்ன தீர்ப்பு அது. கீழைத்தேயம் முழுவதையும் ஒரே மூச்சில் அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலத்து அறிவாளிகளிடம் பொதுவாக இருந்தது. ஆர்ம் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவர் மேசைக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன.

படைத்தலைவர்களின் அறிக்கைகள், முகாம் நாட்குறிப்புகள், சபை நடவடிக்கைகளின் நகல்கள் என்று வாழ்நாள் முழுதும் அவர் சேர்த்தது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பெரும் தொகுப்பாக இருக்கிறது. சிறு விவரத்தையும் விடாதவர். அளவுக்கு மீறிய நுணுக்கத்தால் சலிப்பூட்டுகிறவர் என்று மெக்காலேயே குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறைதான் நமக்கு வாய்த்த நல்லூழ். தத்துவத்தை எழுதிய கை ஒன்று, கடிதங்களைப் படித்துச் சம்பவங்களை எழுதிய கை வேறொன்று என்றே தோன்றுகிறது. இரண்டும் ஒரே நூலின் அட்டைகளுக்குள் இருக்கின்றன.

1755ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பார்ப்போம். கர்னல் ஹெரான் பிப்ரவரியில் ஐந்நூறு ஐரோப்பியர்களும் இரண்டாயிரம் சிப்பாய்களும் கொண்ட படையுடன் தெற்கே புறப்பட்டார்; நவாப் முகம்மது அலியின் தமையன் மாபூஸ்கான் உடன் வந்தார். மதுரைச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் நவாபுக்குச் சேர வேண்டிய பணத்தை வசூலிப்பது நோக்கம். வழியில் மதுரைக்கு அருகே ஒரு கோயிலின் கதவைக் கொளுத்தி, உள்ளிருந்த செப்புத் திருமேனிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே நெல்கோட்டை என்று ஆர்ம் குறிக்கும் சிறுகோட்டை ஒன்றைப் பிடித்தபோது, பெண்டிர் பிள்ளைகள் என்று பாராமல் வெட்டினார்கள். உள்ளே இருந்த நானூறு பேரில் உயிர் தப்பியவர்கள் ஆறு பேர். கும்பினியின் சொந்த வரலாற்றாசிரியர் இதை மறைக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. இரத்தத்தைக் கண்டு நடுங்குகிற இனம் எது என்று அந்தப் பக்கத்தை எழுதும்போது அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டிருப்பாரா? அதற்கான தடயம் நூலில் இல்லை.

பிறகு ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்தார். கேட்டது இருபதாயிரம் ரூபாய். கோட்டையை உடைக்கும் அளவுக்குப் பீரங்கி வலு அவரிடம் இல்லை, படைக்கு உணவும் தட்டுப்பாடு, சீக்கிரம் திரும்பியாக வேண்டிய நெருக்கடியும் இருந்தது. இவை எல்லாமே உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருந்தன. பணம் வரவில்லை; படை திரும்பியது. ஆர்மின் எழுத்தில் இந்தச் சம்பவம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சில வரிகளில் ஒரு மனிதர் தெரிகிறார்: எதிரியின் பலவீனத்தை ஒற்றர் மூலம் அறிந்து, வாளை உருவாமல், கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்து வென்ற மனிதர். நம் மேடைகளில் முழங்கும் பூலித்தேவரைவிட இவர் நமக்கு நெருக்கமானவராகத் தோன்றுகிறார்.

திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அந்தப் படையை மறித்தார்கள். பொதிகளுக்கிடையே தங்கள் தெய்வத் திருமேனிகளைக் கண்டதும் 'சாமி, சாமி' என்று கூவியபடி பாய்ந்து மீட்டுக்கொண்டார்கள். ஆர்ம் அந்தக் கூவலை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். இரு தொகுதிகளிலும் சாமானியத் தமிழரின் குரல் நேராகக் கேட்கும் இடங்கள் அரிது. அவற்றுள் இது ஒன்று. ஹெரான் சென்னையில் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவியிழந்தார்.

இரண்டாம் தொகுதியில் இன்னும் விரிவான காட்சி இருக்கிறது. 1759 டிசம்பரில் யூசுப்கான், திருவிதாங்கூர்ப் படையையும் சேர்த்துக்கொண்டு வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். (அந்தத் திருவிதாங்கூர் மன்னர் அதற்கு முன்பு பூலித்தேவருடன் கூட்டாக இருந்தவர். நவாபின் தமையன் மாபூஸ்கானோ, படையெடுத்து வந்தவர், பின்னர் தம்பியோடு பகைத்துக்கொண்டு நெற்கட்டும்செவலிலேயே அடைக்கலமாக இருந்தார். அக்காலத்து அணிகளை இன்றைய தேசப்படத்தை வைத்துக்கொண்டு புரிந்துகொள்ள முயல்வது வீண்.) கோட்டை மண்கோட்டை. பூலித்தேவர் தேர்ந்தெடுத்த மூவாயிரம் பேருடன் காட்டு வழியாக வந்து முற்றுகையாளர்களைப் பின்புறமிருந்து தாக்கினார். வெடிமருந்து தீர்ந்த யூசுப்கான் திருநெல்வேலிக்குப் பின்வாங்க நேர்ந்தது.

இந்த இடத்தில் ஆர்ம் கதையை நிறுத்திவிட்டு, மேற்குப் பாளையங்களின் வீரர்களை வருணிக்கத் தொடங்குகிறார். உயரமானவர்கள், நல்ல உடற்கட்டு உள்ளவர்கள், களையான முகத்தவர்கள் என்கிறார். வில், அம்பு, வாணம், திரித்துப்பாக்கி எல்லாம் வைத்திருக்கிறார்கள். வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாளும் கேடயமும் எப்போதும் உடன் இருக்கும். ஆனால் ஈட்டிக்காரர்களுக்கே முதல் மரியாதை, தாக்குதலில் முன்னே போகிறவர்கள் அவர்களே. ஈட்டியின் நீளம் பதினெட்டு அடி. முனைக்குக் கீழே செந்நிறக் குதிரைமயிர்க் குஞ்சம். எதிரில் குதிரைப்படை என்றால் குஞ்சத்தோடு ஒரு சிறு மணியும் கட்டிக்கொள்வார்கள். பயிற்சி என்று ஒன்றும் இல்லாமலே தோளோடு தோள் நெருங்கி நீள நிரையாகத் திரண்டு, எட்டி வைத்து, ஏறக்குறைய ஒரே தாளத்தில் நடந்து வருவார்கள். ஈட்டிகள் முன்சாய்ந்து மேலே அசையும். அந்த அசைவும் மணியோசையும் பளபளப்பும் குதிரைகளை மிரள வைத்துவிடும். துப்பாக்கிப் பயிற்சி பெறாத காலாட்படைக்கும் அவர்களுடைய வருகை அச்சம் தருவதே.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் முதல் தொகுதியின் முகப்பில் மெலிந்த உடல், நடுங்கும் நெஞ்சம் என்று எழுதிய அதே பேனா இது. மணியின் விவரத்தை ஆர்ம் கற்பனை செய்திருக்க முடியாது. களத்தில் நின்று கேட்ட எவரோ எழுதியனுப்பியிருக்க வேண்டும். முரண்பாட்டை அவர் கண்டதாகத் தெரியவில்லை. ஒருவேளை கண்டு, இவர்கள் விதிவிலக்கு என்று சமாதானம் செய்துகொண்டிருக்கலாம். நம்மைப் பொறுத்தவரை ஆர்மின் பெருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. தன் கொள்கைக்குப் பொருந்தாத செய்தியை அவர் வெட்டி எறியவில்லை. கீழைத்தேயத்தைப் பற்றி அவரைவிட அன்பாகவும் மரியாதையாகவும் எழுதிய மேலைநாட்டார் பலர் பின்னர் வந்தார்கள். இந்த ஒழுக்கம் அவர்களில் எல்லாருக்கும் வாய்க்கவில்லை.

இடையே ஒன்று சொல்லிவிடலாம். ஆர்மின் பழைய கட்டுரையில் ஓர் அழகான பகுதி உண்டு: இந்தியரின் மென்மையான கைகளே அந்த அற்புதமான துணிகளை நெய்கின்றன என்பார். வீட்டுச் சமையற்காரியின் கைகூட ஐரோப்பிய அழகியின் கையைவிட மிருதுவானது என்று வியப்பார். சங்கரன்கோவில் தெருக்களில் தறியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நெசவாளியின் கை எவ்வளவு மிருதுவானது என்று.

ஆர்மின் பெயர்களோடு மல்லுக்கட்டுவது தனி அனுபவம். கட்டபொம்ம நாயக்கர் அவரிடம் 'கட்டபொமிநாய்க்' ஆகிறார், நெற்கட்டும்செவல் 'நெல்லிதங்கவில்' ஆகிறது, பூலித்தேவர் 'புலிதாவர்'. நம் அறிஞர்களிடையே பூலியா புலியா, நெற்கட்டும்செவலா நெற்கட்டான்செவலா என்று நீண்டகால வழக்கு உண்டு. நெல்லாக வரி கட்டமாட்டேன் என்றதால் 'கட்டான்' என்றொரு விளக்கமும் வழங்குகிறது. ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது. ஆகவே ஆர்ம் எந்தத் தரப்புக்கும் சாட்சி சொல்ல மாட்டார்.

பெயர்ச் சிதைவு வேடிக்கைதான். ஆனால் அவரிடம் இன்னொரு பெரிய இழப்பும் இருக்கிறது. பாளையத்துப் போர்வீரர் எல்லாரையும் 'காலரி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார். கள்ளர் என்ற சொல்லின் சிதைவு அது. நெற்கட்டும்செவல்காரர்களுக்கு அது பொருந்துமா என்று கும்பினி அதிகாரிகள் கவலைப்படவில்லை. அந்தப் பதினெட்டு அடி ஈட்டிகளைப் பிடித்திருந்தவர்கள் யார் யார்? ஊர் வழக்காறு பெயர் சொல்கிறது. ஒண்டிவீரன் என்கிறது, குடல் சரிந்த வயிற்றைத் தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போரிட்ட வெண்ணிக் காலாடி என்கிறது. இன்று அருந்ததியர்கள் ஒண்டிவீரனையும், தேவேந்திரகுல வேளாளர்கள் வெண்ணிக் காலாடியையும், மறவர்கள் பூலித்தேவரையும் தத்தம் முன்னோராகக் கொண்டாடுகிறார்கள். ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் உண்டு. 2022இல் அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. விழா நாள்களில் சீமையெங்கும் காவல்துறை குவிக்கப்படுவதையும் பார்க்கிறோம். தோளோடு தோள் நெருங்கி ஒரே தாளத்தில் நடந்தார்கள் என்று ஆர்ம் எழுதியவர்களின் வழிவந்தோர், இன்று தனித்தனி நாளில் தனித்தனி ஊர்வலமாக வருகிறார்கள். வெள்ளைக்காரருக்கு எல்லாரும் ஒரே கூட்டமாகத் தெரிந்தது அவருடைய அறியாமை. நமக்கு அந்தக் கூட்டமே தெரியாமல் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆர்முக்குப் பிறகு நூறாண்டு கழித்துக் கால்டுவெல் வருகிறார். இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்தவர், 1856இல் ஒப்பிலக்கணம் தந்தவர். 1881இல் சென்னை அரசு வெளியிட்ட அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் பாளையக்காரர் போர்களைச் சொல்லும் பகுதிகள் ஆர்மைப் பெரிதும் சார்ந்தவை. ஆர்மின் சிதைந்த ஊர்ப்பெயர்களைச் சரியான தமிழ் ஊர்களோடு பொருத்திக்காட்டியது அவருடைய பெரும் தொண்டு. தமிழறிந்தவர், மக்களோடு வாழ்ந்தவர். ஆனால் பாளையக்காரர் விஷயத்தில் அவருக்கு ஐயமே இல்லை: அது குழப்பத்தின் காலம், ஆங்கிலேயர் வந்ததால் அமைதி பிறந்தது. பாளையக்காரர் ஜமீன்தாராகி, பெயரோடு குணமும் மாறிவிட்டார், அந்த அடங்காத தலைவர்களின் வாரிசுகளா இந்தச் சாந்தமான கனவான்கள் என்று வியந்து மகிழ்கிறார். மொழி அறியாத ஆர்மிடம் தத்துவத்தைச் செய்தி மீறிக்கொண்டு வந்தது. மொழி அறிந்த கால்டுவெல்லிடம், இந்த ஒரு விஷயத்தில், செய்தி தத்துவத்துக்குள் பாந்தமாக அடங்கிவிட்டது. நாட்டின் மொழியைக் கற்றுவிட்டால் நாடு புரிந்துவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

இருவருக்கும் இடையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற படை அதிகாரி ஒருவர் இருக்கிறார். 1830இல் நினைவுக் குறிப்புகள் எழுதினார். தத்துவம் எதுவும் இல்லாதவர். தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதிவிட்டு, அதே மனிதர் 1801இல் தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டதையும் எழுதுகிறார். அந்தப் பக்கங்களில் வருத்தம் இருக்கிறது. வருத்தப்பட்டாலும் கும்பினியின் சம்பளத்தை அவர் துறந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆர்மின் வரலாறு 1761இல் நின்றுவிடுகிறது. அதே ஆண்டில்தான் யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் பிடித்தார். மூன்றாண்டு கழித்து அதே யூசுப்கானை நவாபும் கும்பினியும் மதுரையில் தூக்கிலிட்டார்கள். 1767இல் டொனால்டு காம்ப்பெல் மறுபடியும் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். பீரங்கி இடித்த இடங்களை உள்ளிருந்தவர்கள் வைக்கோலும் பனைமரமும் கொண்டு அடைத்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் விழுந்தால் அந்த இடத்தில் இன்னொருவர் வந்து நின்றார் என்று அவருடைய கடிதம் வியக்கிறது. அடுக்க ஆர்ம் போன்ற ஒருவர் அப்போது இல்லை. அதன் பின் பூலித்தேவர் என்ன ஆனார் என்பதற்குக் கும்பினிக் காகிதங்களிலிருந்து தெளிவான விடை கிடைப்பதில்லை.

விடையைச் சங்கரன்கோவில் வைத்திருக்கிறது. சங்கனும் பதுமனும் என்ற இரு நாகங்களின் வழக்கைத் தீர்க்கச் சிவனும் திருமாலும் ஓருருவாய் நின்ற தலம். ஆடித் தபசுக்குச் சுற்றுச் சீமை முழுவதும் கூடும் ஊர். பிடிபட்டு விலங்கோடு கொண்டுசெல்லப்பட்ட பூலித்தேவர், வழியில் இந்தக் கோயிலில் வழிபட அனுமதி கேட்டார் என்கிறது வழக்காறு. உடன் வந்த சிப்பாய்கள் வெளியே காத்திருந்தார்கள். கோமதியம்மன் சந்நிதியில் நின்று அவர் பாடினார், ஒளியும் புகையும் எழுந்தன, விலங்கு அறுந்து விழுந்தது, ஆளைக் காணவில்லை. கோயிலுக்குள் பூலித்தேவர் அறை என்று ஓர் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். கோமதியம்மனைத் தரிசித்துவிட்டு, நெற்றியில் புற்றுமண்ணோடு வருகிறவர்களில் பலர் அங்கேயும் ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறார்கள்.